காற்றுக்கு முன்னால் பெட்ரோல்: சுப்ராவில் டர்போ மாற்றுவதன் கணக்கு

டொயோட்டா சுப்ரா என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது 2001-ல் வந்த ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃப்யூரியஸ்’ படத்தின் ஆரஞ்சு நிறக் கார். கொஞ்சம் கார் பைத்தியம் பிடித்தவரிடம் பேச்சுக் கொடுத்தால், அடுத்த நிமிடமே “அந்த இன்ஜின் ஆயிரம் குதிரைசக்தி தாங்கும் தெரியுமா?” என்று ஆரம்பிப்பார். அதில் பொய் இல்லை. தேவையான பாகங்களை மாற்றி ஆயிரத்தைத் தாண்டி எடுத்தவர்கள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நிறையவே இருக்கிறார்கள். ஆனால் இந்தப் பேச்சில் எப்போதும் டர்போவின் பெயர் வரும், அதன் சைஸ் வரும், பூஸ்ட் எத்தனை என்பது வரும். டேங்குக்குள் முங்கிக் கிடக்கும் பம்ப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். பானட்டைத் திறந்தால் டர்போ பளபளவென்று தெரியும்; நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டலாம். ஃப்யூயல் பம்ப் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு உருளை. மாட்டி மூடிவிட்டால் அதோடு சரி, யார் கண்ணுக்கும் படாது. ஆனால் டியூன் பண்ணிய டர்போ இன்ஜினைப் பிரித்து, ஓட்டை விழுந்த பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் இப்படி ஆச்சு என்று தேடினால், அந்தத் தேடல் பல முறை போய் நிற்கும் இடம் அந்த டேங்க்தான்.

நான் சாஃப்ட்வேர் ஆள். இன்ஜின் பிரிப்பது என் தொழில் இல்லை. ஆனால் ஒரு சிஸ்டத்துக்கு எவ்வளவு லோடு வரும், எந்த இடம் முதலில் திணறும் என்று கணக்குப் போடுவது தினமும் செய்கிற வேலை. டர்போ மேம்படுத்தலும் அடிப்படையில் அதே கணக்குதான். பேப்பரும் பேனாவும் போதும், போட்டுப் பார்த்துவிடலாம்.

எடுத்துக்கொள்ளும் கார், 1993 முதல் 2002 வரை தயாரான நான்காம் தலைமுறை சுப்ரா. அதன் உச்ச மாடலில் இருப்பது 2ஜேஇசட்-ஜிடிஇ என்ற இன்ஜின். வரிசையாக ஆறு சிலிண்டர், 2997 சிசி, வார்ப்பிரும்பு பிளாக், போரும் ஸ்ட்ரோக்கும் இரண்டுமே 86 மில்லிமீட்டர். கம்ப்ரஷன் ரேஷியோ 8.5. இரண்டு சின்ன டர்போக்கள் உண்டு. தாழ்ந்த வேகத்தில் ஒன்று மட்டும் வேலை செய்யும், 4000 ஆர்.பி.எம். பக்கம் இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும்.

இந்தக் கார் ஜப்பானில் 280 குதிரைசக்தி என்று விற்கப்பட்டது. அங்கே கார் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட உச்சவரம்பு அது. வெளிநாட்டுக்குப் போன அதே இன்ஜின் அமெரிக்காவில் 320. இந்த 40-ஐக் கூட்ட டொயோட்டா என்ன செய்தது என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். ஜப்பான் காரின் டர்போவில் எக்ஸாஸ்ட் பக்கச் சக்கரம் செராமிக். லேசானது, சட்டென்று சுழலத் தொடங்கும், ஆனால் பூஸ்டை ரொம்பத் தள்ளினால் உடைந்து தூள் தூளாகிப் போய்விடும். ஏற்றுமதிக் காரில் அது ஸ்டீல். கூடவே இன்ஜெக்டரும் மாறியது: ஜப்பானில் நிமிடத்துக்கு 440 சிசி, ஏற்றுமதியில் 550 சிசி. வேறு சில மாற்றங்களும் உண்டு. நமக்கு முக்கியம் என்னவென்றால், வெறும் 40 குதிரைசக்திக்கே தயாரிப்பாளர் காற்றையும் எரிபொருளையும் சேர்த்துத்தான் மாற்றியிருக்கிறார். வீட்டில் வைத்து 300 கூட்டப் பார்க்கிறவர்கள்தான் டர்போவை மட்டும் வாங்குகிறார்கள்.

600 குதிரைசக்திக்கு எவ்வளவு வேண்டும்?

டர்போ பெட்ரோல் இன்ஜினில், முழு த்ராட்டிலில், ஒரு குதிரைசக்தியை ஒரு மணி நேரம் தர சுமார் 250 கிராம் பெட்ரோல் எரியும். இது டியூனர்கள் கையாளும் மதிப்பீடு. இன்ஜினுக்கு இன்ஜின் கொஞ்சம் ஏறி இறங்கும், ஆனால் திட்டம் போட இது போதும்.

600 குதிரைசக்தி என்றால் மணிக்கு 150 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 745 கிராம். ஆக மணிக்கு 201 லிட்டர். நிமிடத்துக்கு 3.35 லிட்டர். சுப்ராவின் டேங்க் 70 லிட்டர். முழு டேங்க் 21 நிமிடத்தில் காலி. யாரும் 21 நிமிடம் தொடர்ந்து முழு த்ராட்டிலில் ஓட்டப் போவதில்லைதான். ஆனால் அந்தப் பத்து விநாடி அழுத்தும்போது, அந்த வேகத்தில்தான் பெட்ரோல் வந்துகொண்டிருக்க வேண்டும். சராசரி இங்கே உதவாது.

இப்போது காற்று. ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. பூஸ்ட் இருக்கும்போது யாரும் 14.7-ல் ஓட்டுவதில்லை, 11.5 பக்கம் வைப்பார்கள். அதாவது தேவைக்கு மேல் பெட்ரோல். அந்த உபரி எரிவதற்காக இல்லை, ஆவியாகி சிலிண்டரைக் குளிர வைப்பதற்காக. சமையலறையில் சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கிற அதே வேலை. நிமிடத்துக்கு 2.5 கிலோ பெட்ரோல் பெருக்கல் 11.5, ஏறக்குறைய 29 கிலோ காற்று. கன அளவில் 24 கன மீட்டர். பத்துக்குப் பத்து அறை ஒன்று, ஒன்பதடி உயரம் என்று வைத்துக்கொண்டால், அந்த அறையில் இருக்கும் காற்று முழுவதையும் இந்த இன்ஜின் ஒரு நிமிடத்தில் குடித்துவிடும்.

அடுத்து இன்ஜெக்டர். நிமிடத்துக்கு 3350 சிசியை ஆறு பேர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு 558. ஆனால் இன்ஜெக்டரை நூறு சதவீதம் திறந்தே வைக்கக்கூடாது. 85 சதவீதத்தில் நிறுத்துவது வழக்கம். அப்படிப் பார்த்தால் 657 சிசி இன்ஜெக்டர் வேண்டும். இதையே திருப்பிப் போட்டால், ஜப்பான் காரின் 440 சிசி இன்ஜெக்டர்கள் சுமார் 400 குதிரைசக்தியோடு மூச்சு வாங்கும். ஏற்றுமதிக் காரின் 550, சுமார் 500. அதற்கு மேல் எந்த டர்போவை மாட்டினாலும், காற்று வரும், பெட்ரோல் வராது.

பம்பின் மேல் எழுதியிருக்கும் எண்

சந்தையில் ரொம்ப காலமாகப் பிரபலமான ஒரு பம்ப் வால்ப்ரோவின் 255. மணிக்கு 255 லிட்டர். நமக்கு வேண்டியது 201. அப்ப தாராளமா போதுமே என்று தோன்றும். இங்கேதான் கவனிக்க வேண்டியது இருக்கிறது.

255 என்பது ஒற்றை எண் இல்லை, ஒரு வளைகோட்டின் மேல் இருக்கும் ஒரே ஒரு புள்ளி. அழுத்தம் 40 பி.எஸ்.ஐ. பக்கமும் மின்னழுத்தம் 13.5 வோல்ட்டும் இருந்தால்தான் அந்த 255. இரண்டில் ஒன்று மாறினாலும் எண் மாறும். டர்போ காரில் இரண்டுமே மாறுகின்றன, இரண்டுமே நமக்கு எதிராக.

முதலில் அழுத்தம். இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிப்பது இன்டேக் மேனிஃபோல்டுக்குள். அங்கே 1.5 பார் பூஸ்ட் இருந்தால், அந்தக் காற்று பெட்ரோலை எதிர்த்துத் தள்ளும். அதை ஈடுகட்ட, ரெகுலேட்டருக்கு மேனிஃபோல்டிலிருந்து ஒரு சின்னக் குழாய் போகும். பூஸ்ட் எவ்வளவு ஏறுதோ, பெட்ரோல் அழுத்தமும் அவ்வளவே ஏறும். அடிப்படை 3 பார் என்றால், 1.5 பார் பூஸ்டில் 4.5 பார். இது நல்ல ஏற்பாடு. ஆனால் பம்ப் இப்போது 4.5 பாரை எதிர்த்துத் தள்ளியாக வேண்டும். மாடியில் இருக்கும் தொட்டிக்கு மோட்டார் போட்டவர்களுக்குத் தெரியும்: முதல் மாடிக்குக் கொட்டுகிற தண்ணீர் மூன்றாம் மாடியில் நூலாக வரும். இந்த ரகப் பம்பிலும் அந்த அழுத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். இதில் கொடுமை என்னவென்றால், இன்ஜின் அதிகமாகக் கேட்கும் அதே கணத்தில்தான் பம்ப் குறைவாகத் தருகிறது.

இரண்டாவது மின்சாரம். பம்புக்கு எதிர் அழுத்தம் கூடினால் அது இழுக்கும் கரண்ட்டும் கூடும். தொழிற்சாலை போட்ட வயர் பழைய சின்னப் பம்புக்காகப் போட்டது. இருபது முப்பது வருடக் கனெக்டர், துருப்பிடித்த எர்த் வேறு. பேட்டரியிலிருந்து பம்ப் வரை மொத்தத் தடை 0.15 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 ஆம்பியர் ஓடினால் 1.5 வோல்ட் வழியிலேயே போச்சு. 13.5 இருக்க வேண்டிய இடத்தில் 12. பம்பின் வேகம் அதற்கேற்பக் குறையும். அழுத்தத்தில் போனதும் மின்னழுத்தத்தில் போனதும் சேர்ந்தால், 255 என்று வாங்கிய பம்ப் 200-க்குக் கீழே வந்து நிற்கும். நமக்கு வேண்டியது 201 என்று மேலே கணக்குப் போட்டோம்.

சுப்ராவில் இதற்கு மேல் ஒரு விசேஷம் உண்டு. பம்புக்கென்று தனியாக ஒரு குட்டி ஈசியூ இருக்கிறது. ஐடிலிலும் மெதுவாகப் போகும்போதும் அது பம்புக்குக் குறைந்த வோல்ட் கொடுக்கும், லோடு ஏறினால் முழு வோல்ட். பம்ப் சத்தம் குறையும், தேவையில்லாமல் பெட்ரோல் சுற்றிச் சுற்றி சூடாவதும் குறையும். நல்ல பொறியியல். ஆனால் பெரிய பம்பின் கரண்ட்டைத் தாங்குவதற்காக வடிவமைத்தது இல்லை. அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் பம்பை மாற்றும்போதே பேட்டரியிலிருந்து தடிமனான வயர், ஒரு ரிலே, ஒரு ஃப்யூஸ் என்று தனி லைன் இழுத்துவிடுகிறார்கள். பம்பின் விலையோடு ஒப்பிட்டால் இந்த வயர் செலவு ஒன்றுமே இல்லை.

சரி, அப்ப எடுத்த எடுப்பிலேயே இருக்கிறதில் பெரிய பம்பாக, 450 லிட்டர் பம்பை வாங்கிவிடலாமா? வாங்கலாம், ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. ஐடிலில் இன்ஜின் குடிப்பது சொற்பம். மீதி எல்லாம் ரெகுலேட்டர் வழியாக டேங்குக்குத் திரும்ப வேண்டும். பழைய ரெகுலேட்டரும் திரும்பும் குழாயும் சின்னவை. அவ்வளவு பெட்ரோல் அவற்றின் வழியே போக முடியாமல், ஐடில் அழுத்தம் 3 பாருக்கு மேல் தானாகவே ஏறி நிற்கும், கலவை தாறுமாறாகும். ஆக பம்ப், வயர், ரெகுலேட்டர், ரிட்டர்ன் லைன் எல்லாம் ஒரு குடும்பம். ஒருவரை மட்டும் விருந்துக்குக் கூப்பிட முடியாது.

பெட்ரோல் குறைந்தால் என்ன நடக்கும்?

இன்ஜெக்டரின் ஓட்டம் அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பம்ப் திணறி, இருக்க வேண்டிய 3 பார் வித்தியாசம் 2.4-ஆக இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். 2.4 வகுத்தல் 3, 0.8, அதன் வர்க்கமூலம் 0.894. ஏறக்குறைய 11 சதவீதம் பெட்ரோல் குறைவு. 11.5 இருந்த காற்று-எரிபொருள் விகிதம் 12.9 ஆகிவிடும்.

12.9 என்பது கேட்க ஒன்றும் பயங்கரமாக இல்லை. டர்போ இல்லாத இன்ஜின் அதே எண்ணில் சந்தோஷமாக ஓடும். ஆனால் 1.5 பார் பூஸ்டில் அந்த உபரி பெட்ரோலின் குளிர்ச்சி போய்விட்டது. சிலிண்டர் சூடாகிறது. ஸ்பார்க் பிளக் பற்றவைத்த நெருப்பு ஓரத்துக்கு வந்து சேருவதற்கு முன்னால், ஓரத்தில் இருக்கும் கலவை தானாகவே வெடிக்கிறது. இதுதான் நாக். அந்த அதிர்ச்சி அலை, பிஸ்டனின் மேற்பரப்பில் படிந்து அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்த மெல்லிய குளிர்ந்த வாயுப் படலத்தைக் கலைத்துவிடும். இன்னும் சூடு, இன்னும் நாக். அலுமினிய பிஸ்டனின் ரிங் பள்ளங்களுக்கு இடையில் இருக்கும் விளிம்புகள் உடையும், இல்லாவிட்டால் நடுவில் உருகி ஓட்டை விழும்.

6000 ஆர்.பி.எம்.-ல் ஒவ்வொரு சிலிண்டரும் விநாடிக்கு 50 தடவை எரிகிறது. மீட்டரைப் பார்த்து, புரிந்து, காலை எடுக்க ஒரு விநாடி என்று வைத்தால், அதற்குள் 50 அடி விழுந்தாகிவிட்டது. மனுஷக் கண்ணையும் காலையும் நம்பி இதைப் பாதுகாக்க முடியாது.

இன்னொன்றும் கவனியுங்கள். இந்தக் கோளாறு ஐடிலில் தெரியாது. ஊருக்குள் ஓட்டும்போது தெரியாது. மெக்கானிக் கடையில் ப்ரெஷர் கேஜ் வைத்து ஆக்சிலரேட்டரை உதறினாலும் தெரியாது, ஏன்னா அப்போது லோடே இல்லை. டைனோவில் பத்து விநாடி இழுப்பில் தப்பித்த கார், நீளமான சாலையில் ஐந்தாவது கியரில், டேங்க் பாதிக்குக் கீழே இருக்கும்போது, ஒரு வளைவில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் ஒரு மடக்கு காற்றை உறிஞ்சிய நேரத்தில் மாட்டிக்கொள்ளும். டெஸ்டில் வராமல் புரொடக்‌ஷனில் மட்டும் வரும் பக் எப்படி இருக்கும் என்று என் தொழில்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

டொயோட்டா இதற்கு ஒரு காவல் வைத்திருந்தது. பூஸ்ட் ஒரு அளவைத் தாண்டினால் ஈசியூ பெட்ரோலையே நிறுத்திவிடும். ஃப்யூயல் கட். கார் முகத்தில் அறைந்த மாதிரி குலுங்கும், ஆனால் இன்ஜின் பிழைக்கும். பூஸ்டைக் கூட்டுகிறவர்களுக்கு இது தொல்லை. அதனால் ஹெச்கேஎஸ் போன்றவர்கள் ஃப்யூயல் கட் டிஃபென்சர் என்று ஒரு குட்டிப் பெட்டி விற்றார்கள். பூஸ்ட் சென்சார் தரும் சிக்னலை ஒரு அளவுக்கு மேல் ஏறவிடாமல் பிடித்து வைக்கும். உள்ளே 1.2 பார் இருந்தாலும் ஈசியூவுக்கு எல்லாம் பத்திரமாகத் தெரியும். எக்ஸெப்ஷனை கேட்ச் பண்ணி, உள்ளே ஒன்றுமே எழுதாமல் விட்ட கோடு மாதிரி. எரிபொருள் பக்கம் உண்மையிலேயே தெம்பு இருந்தால் அது வேலை செய்யும், அப்படி ஓடிய கார்களும் ஏராளம். தெம்பு இல்லாத காரில் அது ஒரே காவல்காரனையும் தூங்க வைக்கிற வேலை. எனக்கு அந்தப் பெட்டி மேல் மரியாதை கிடையாது.

இனி டர்போ

இவ்வளவும் சரியான பிறகுதான் டர்போ. பலர் நினைப்பது, பெரிய டர்போ என்றால் அதிக பூஸ்ட் என்று. அப்படி இல்லை. சின்ன டர்போவும் 1.5 பார் ஊதும். எவ்வளவு சூட்டோடு ஊதுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

30 டிகிரி காற்றை இரண்டரை மடங்கு அழுத்தினால், நூறு சதவீதத் திறமையான கம்ப்ரசராக இருந்தால்கூட 91 டிகிரி ஏறும். அது இயற்கையின் விதி. 75 சதவீதத் திறமையில் 121 டிகிரி ஏறி, காற்று 151 டிகிரியில் வெளியே வரும். சின்ன டர்போவை அதன் எல்லைக்கு மேல் விரட்டி, திறமை 60 சதவீதத்துக்கு விழுந்துவிட்டால் 181 டிகிரி. கேஜில் இரண்டுக்கும் ஒரே 1.5 பார்தான் காட்டும். ஆனால் சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு, நாக் ஆபத்து அதிகம். இன்டர்கூலர் கொஞ்சம் சரிக்கட்டும், முழுசாக முடியாது. இதோடு எக்ஸாஸ்ட் பக்கச் சக்கரமும் சின்னதாக இருப்பதால் புகை வெளியேற வழியில்லாமல் முட்டிக்கொண்டு நிற்கும். சூடான பழைய வாயு சிலிண்டரிலேயே தங்கும். அதனால்தான் ஒரு கட்டத்துக்கு மேல் பூஸ்டைக் கூட்டினாலும் பவர் ஏறாமல் சூடு மட்டும் ஏறும்.

சுப்ராவில் வழக்கமான தீர்வு, இரண்டு சின்ன டர்போவையும் கழற்றிவிட்டு ஒரே பெரிய டர்போ. கேரெட்டின் ஜிடி3582ஆர் மாதிரி. பெயரின் கடைசி 82 என்பது கம்ப்ரசர் சக்கரத்தின் வெளி விட்டம், மில்லிமீட்டரில். 600 குதிரைசக்தி வட்டாரத்துக்கு ஏற்றது. கூடவே, இரண்டு டர்போவை மாற்றி மாற்றி இயக்கிய அத்தனை வால்வும் வேக்குவம் குழாய்க் காடும் போய்விடும். அந்தக் குழாய்களில் எது லீக் என்று தேடி அலுத்தவர்களுக்கு அதுவே பாதி சந்தோஷம்.

விலை? லேக். அழுத்தினால் உடனே வராது, கொஞ்சம் யோசித்துத்தான் வரும். ஒரே வடிவச் சக்கரத்தின் சுழற்சி மந்தம் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். விட்டம் 20 சதவீதம் கூடினால் மந்தம் இரண்டரை மடங்கு. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் போக வேண்டிய ஒன்றுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பால் பேரிங் கொஞ்சம் உதவும். ட்வின் ஸ்க்ரோல் நன்றாகவே உதவும், அதுவும் ஆறு சிலிண்டர் வரிசை இன்ஜினில் அழகாகப் பொருந்தும். எரியும் வரிசை 1-5-3-6-2-4. முன் மூன்று சிலிண்டரை ஒரு குழாயிலும் பின் மூன்றை இன்னொன்றிலும் விட்டால், முன், பின், முன், பின் என்று சீராக மாறி மாறி டர்பைனை உதைக்கும். ஒன்றின் புகை இன்னொன்றின் வழியில் குறுக்கிடாது.

ஊருக்குள் ஓட்டுகிற காருக்கு என்னைக் கேட்டால், 82-க்கு மேல் போக வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. ஆயிரம் குதிரைசக்திக் கார் 5000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே சாதாரண காரை விட மந்தமாக இருக்கலாம். சிக்னலில் ஆட்டோ முந்திப் போகும்.

கிளட்ச், பிரேக், ஹெட் கேஸ்கெட், கூலிங் எல்லாம் இன்னொரு பெரிய கதை. இங்கே தொடவில்லை.

எந்த வரிசையில், எதைப் பார்த்து

பம்ப், வயரிங், ரெகுலேட்டர், இன்ஜெக்டர் முதலில். அதற்கேற்ற ஈசியூவும் மேப்பும். பழைய டர்போவோடு, பழைய பூஸ்டோடு இவையெல்லாம் ஒழுங்காக ஓடுவதை உறுதி செய்துகொண்ட பிறகு டர்போ. பம்ப் மாற்றிய உடனே காரில் எந்த வித்தியாசமும் தெரியாது. பணம் போட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். இந்த வரிசையை ஆட்கள் தலைகீழாக்குவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பார்க்க வேண்டிய வரைபடம் ஒன்றே ஒன்று. ஃப்யூயல் ரெயிலில் ஒரு ப்ரெஷர் சென்சார் வைத்து, அந்த எண்ணிலிருந்து மேனிஃபோல்டு அழுத்தத்தைக் கழித்து, அந்த வித்தியாசத்தை லாக் பண்ணுங்கள். நான்காவது கியரில் 3000-லிருந்து ரெட்லைன் வரை ஒரே இழுப்பு, மூடிய டிராக்கில். வித்தியாசம் 3 பாரில் நேர்கோடாகப் போனால் பம்ப் தெம்பாக இருக்கிறது. மேலே போகப் போகக் கோடு தொய்ந்தால், அந்த இடம்தான் உங்கள் காரின் எல்லை, டர்போ பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி. இப்போதைய ஆஃப்டர்மார்க்கெட் ஈசியூக்களில் இந்த வித்தியாசத்தையே ஒரு நிபந்தனையாக எழுதலாம்: 2.7-க்குக் கீழே போனால் பூஸ்டை வெட்டு. கேட்ச் பண்ணி விழுங்குவதற்கு நேர் எதிரான வேலை இது. கார் வைத்திருக்கும் நண்பர்களிடம் நான் விடாமல் நச்சரிப்பது இந்த ஒரு சென்சாருக்காகத்தான்.

எத்தனால் கதையும் இங்கேதான் வருகிறது. 85 சதவீத எத்தனால் கலந்த இ85 டியூனர்களுக்குச் செல்லப்பிள்ளை. ஆக்டேன் அதிகம், ஆவியாகும்போது நன்றாகக் குளிர்விக்கும். ஆனால் அதே காற்றுக்குக் கன அளவில் சுமார் 40 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். நம்முடைய 201 லிட்டர் 285-ஐத் தொடும். 255 பம்பின் கதை அங்கே முடிந்தது. இ85 நமக்குத் தொலைவு என்று விட்டுவிட முடியாது. இந்தியாவில் 2025-லிருந்து பங்கில் பரவலாகக் கிடைப்பதே இ20. அதே கணக்கைப் போட்டால் கன அளவில் சுமார் 8 சதவீதம் கூடுதல் வேண்டும். தொழிற்சாலைக் காரில் ஆக்சிஜன் சென்சார் பார்த்து ஈசியூ பெரும்பாலும் சரிசெய்துகொள்ளும். ஆனால் சுத்தமான பெட்ரோலுக்கு மேப் போட்டு, இன்ஜெக்டரும் பம்பும் ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் டர்போ காரில், டேங்கில் ஊற்றியது மாறியதே போதும், மேலே சொன்ன 11 சதவீதத்தில் முக்கால்வாசிக்கு. நம் ஊரில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து காரை மாற்றுவதையே கட்டுப்படுத்துகிறது என்பதையும் சொல்லி வைக்கிறேன். டிராக்குக்கென்றே வைத்திருக்கும் கார் வேறு விஷயம்.

டேங்குக்குள் பம்பையும் மேல் மூடியையும் இணைக்கும் நாலு அங்குல ரப்பர் ஹோஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண ஃப்யூயல் ஹோஸ், உள்ளே பெட்ரோல் ஓடுவதற்காகச் செய்தது. வெளிப்பக்கமும் பெட்ரோலில் ஊறுவதற்காகச் செய்தது இல்லை. சில மாதங்களில் ஊறி, உப்பி, விரிசல் விடும். கசிவது டேங்குக்குள்ளேயே என்பதால் ஒரு சொட்டும் கீழே விழாது, வாசனையும் வராது. புது பம்ப், புது வயர், 13.5 வோல்ட், எல்லாம் சரி. லாகில் கோடு மட்டும் தொய்ந்துகொண்டே போகும். முங்கிக் கிடப்பதற்கென்றே செய்த ஹோஸ் தனியாக விற்கிறார்கள். பம்ப் வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்குங்கள். கூடவே இரண்டு நல்ல கிளாம்ப்.